மனம் சரியில்லாதவர்களுக்கு ஒன்பது கேள்விகள்

3 மார்ச்

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீயும் உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் நான் "ம்" மட்டும் கொட்டுகிறேன் என்று குறைப்பட்டாயே, அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் நேற்று வந்தார். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறதாம். புதுப்பிக்க வேண்டுமானால் போன தடவை போலவே நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "வீட்டம்மா எங்கே?" என்று கேட்டார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றேன். பத்து மாதமாக உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பாவம். நீ வந்தால் சௌகரியமாக இருக்கும்.

இன்னொரு செய்தி. மருத்துவமனையிலிருந்து நம் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. மனம் சரியில்லாமல் வருகிறவர்களிடம் கேட்க ஒன்பது கேள்விகள். நான் அவர்கள் மொழியிலிருந்து தமிழில் எழுத வேண்டும். மூலத்தைப் பார்க்காமல் நீ என் தமிழைத் திரும்ப அந்த மொழிக்கே கொண்டுபோக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, நான் எங்கே சறுக்கினேன் என்று மேலாளர் அம்மா கண்டுபிடிப்பார். வழக்கம்போல, "வேலை முடியுற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். நாம் எதைப் பற்றியுமே பேசிக்கொள்வதில்லை என்று அவருக்கு யார் சொல்வது? தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனாலும் ஒன்றே ஒன்று. யார் பக்கத்தில் வந்தாலும் பிடிக்காது, ஆனால் யார்மேலும் கோபமில்லை. இப்படி ஒரு நிலைக்கு அவர்கள் மொழியில் ஒரே வார்த்தையில் பெயர் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது?

வேறு ஒன்றுமில்லை.

நான்

*

9 மார்ச்

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

கடிதம் கெடச்சுது. ஒரு முழுப் பக்கம்! அக்காகிட்ட காட்டினேன். "ஆளே மாறிட்டாரா?"ன்னு கேட்டா. கடைசி வரியப் படிச்சிட்டு, "இல்லடி, அதே ஆளுதான்"னு திருப்பிக் குடுத்துட்டா.

இங்க அத்தான் காலைல அஞ்சு மணிக்கே ரேடியோவப் போட்டுடுறார். எனக்குக் குடுத்த அறையில பாதிய அக்காவோட தையல் மிஷின் பிடிச்சிருக்கு. வேலைய மடியில வச்சுதான் பார்க்கிறேன். குறை சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேன், விடுங்க.

வார்த்தை கேட்கக் கூடாது, அது விதி. ஆனா கேட்டுட்டீங்களே, வாய் சும்மா இருக்குமா? எரிச்சல்னு போட்டா களிம்பு குடுத்து அனுப்பிடுவாங்க. கடுப்பு சின்னப் பசங்க வார்த்தை. விரக்தி மேடையில பேசுறவங்களுக்கு. மனச்சோர்வு ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டுறது. எந்த வீட்லயாவது யாராவது "எனக்கு மனச்சோர்வா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடு"ன்னு கேட்டிருக்காங்களா? நம்ம வீட்ல இது எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வார்த்தைதான் புழங்குச்சு. "ஒண்ணுமில்ல." கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தாலும் ஒண்ணுமில்ல. நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாலும் ஒண்ணுமில்ல. பதினாலு வருஷம் அந்த ஒத்தை வார்த்தைய மொழிபெயர்த்தே எனக்கு அலுத்துப்போச்சு.

கையெழுத்து விஷயத்துக்கு வர்றேன். நான் எதுக்கு அங்க வரணும்? சௌகரியம்னு எழுதாதீங்க, அதுக்கு வேலைக்கு ஒரு ஆள் போதும். உண்மையான காரணம் ஒண்ணு எழுதுங்க. ஒரே ஒரு வரி. எழுதினா வர்றேன். சத்தியமா வர்றேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாயாடி

*

17 மார்ச்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். அதற்குள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், படிவத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். உனக்கு இன்று அனுப்புவார்கள்.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. வீட்டுக்காரர் இருபத்தைந்தாம் தேதிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். கொஞ்சம் சீக்கிரம் பார்த்துச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே ஒன்றுமில்லை.

நான்

*

22 மார்ச்

உங்களுக்கு,

படிவம் வந்துச்சு. என்ன இருந்துச்சோ அத அப்படியே திருப்பி எழுதி அனுப்பிட்டேன். அதுதானே என் வேலை. நேத்து மேலாளர் அம்மா போன் பண்ணினாங்க. ஒன்பது கேள்வியில ஆறு மூலத்தோட ஒட்டவே இல்லையாம்.

மூலத்துல "வேலைகளில் ஆர்வம் குறைந்துள்ளதா"ன்னு மட்டும்தான் இருக்காம். நீங்க எழுதினது: "சட்டைக்குப் பொத்தான் போடுவதுகூடப் பெரிய வேலையாகத் தெரிகிறதா?" மூலத்துல பசியப் பத்தி ஒரு வரி. நீங்க: "அடுப்புப் பக்கத்திலேயே நின்றபடி சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிடுகிறீர்களா?" ஏழாவது கேள்வி மூலத்துல கவனக் குறைவப் பத்தி. நீங்க எழுதியிருக்கிறது: "பிரியமானவர்கள் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடும்போது, பதில் சொல்ல நினைத்தும் வாயைத் திறக்க முடியாமல் போகிறதா?"

"பதினஞ்சு வருஷமா ஒரு எழுத்தக்கூடக் கூட்டிக் குறைக்காத மனுஷன், அவருக்கு என்னம்மா ஆச்சு?"ன்னு அந்த அம்மா என்கிட்ட கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னு சொன்னேன். அப்புறம் தையல் மிஷின் மேல தலையச் சாய்ச்சு அழுதேன். அக்கா வந்து கேட்டப்போ நானும் "ஒண்ணுமில்ல"ன்னேன், பாருங்க கூத்த.

பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டது நான்தானே? உங்களுக்கு என்மேல கோபம்னு நெனச்சேன். வருஷக்கணக்கா அப்படித்தான் மொழிபெயர்த்தேன். சமையல் பிடிக்கலையோ, பேச்சு பிடிக்கலையோ, ஆளே பிடிக்கலையோன்னு எத்தனை நாள் தூக்கமில்லாம கெடந்தேன் தெரியுமா? நான் தப்பா மொழிபெயர்த்தேன், ஒத்துக்கிறேன். பக்கத்துலயே இருந்த நீங்க ஒரு தடவையாவது திருத்தியிருக்கலாமே?

ஒரே ஒரு வரிதான் கேட்டேன். எனக்கு எழுத வேண்டியத, முகம் தெரியாத நோயாளிக்கு எழுதியிருக்கீங்க.

நான் வரல. கோபத்துல சொல்லல. கோபம் இருந்தா சண்டை போடவாவது வந்திருப்பேன். எனக்கும் தெம்பு தீர்ந்துபோச்சு.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, அதே மருத்துவமனையில உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கேன். உங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன், கூட்டிக்கிட்டுப் போவார். போகாம இருந்துடாதீங்க. இது மட்டும் எனக்காக.

உங்க மனைவி

*

30 மார்ச்

அன்புள்ள வாயாடிக்கு,

போனேன். தம்பி கடையைச் சாத்திவிட்டு வந்து, வாசலிலேயே வண்டியை வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தான். தப்பிக்க வழி இல்லை.

மருத்துவர் நம்மைவிட இளையவர். அவர் மொழியிலேயே ஆரம்பித்தேன். தூக்கம், பசி, எத்தனை வருடம், எல்லாம் வரிசையாக, நல்ல நல்ல வாக்கியமாக வந்தது. யாரோ ஒருவருடைய கோப்பைப் படித்துச் சொல்வது போல. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மொழியில சொல்லுங்க. எனக்குப் புரியலைன்னாலும் பரவாயில்ல" என்றார்.

வாயைத் திறந்தேன். எத்தனையோ வார்த்தை தெரிந்த ஆள் நான், ஒன்றும் வரவில்லை. அப்புறம் "என்னால முடியல" என்று மட்டும் சொன்னேன். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை மருத்துவர் மொழியில் மாற்றிச் சொல்ல என்னால் ஆகவில்லை. ஹார்டுவேர் கடைக்காரன், என் தம்பி, தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் எடுத்துச் சொன்னான். தப்பும் தவறுமாகத்தான் சொன்னான். நான் திருத்தவில்லை. சொல்லும்போது அவனும் அழுதுகொண்டிருந்தான்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை போய்ப் பேச வேண்டும். படிவத்தை மேலாளர் அம்மா வேறொருவரிடம் கொடுத்துவிட்டார், அதுதான் நியாயம்.

வீட்டைக் காலி செய்கிறேன். தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. உன் அகராதிகளைப் பெட்டியில் கட்டி அனுப்பியிருக்கிறேன், சனிக்கிழமை வந்துவிடும். கனமாக இருக்கும், நீ தூக்காதே, அத்தானைத் தூக்கச் சொல்.

ஏன் வர வேண்டும் என்று கேட்டாய். தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான், அதை எழுத வெட்கமாக இருந்தது. இப்போது எழுதிவிட்டேன் என்பதற்காக உன் சத்தியத்தை நினைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடாதே. நீ ஓய்வெடு. உனக்கு வேண்டியது அதுதான்.

உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. ஒருநாள்கூட இல்லை. பக்கத்து அறையிலிருந்து நீ கூப்பிட்டபோதெல்லாம் எனக்குக் கேட்டது.

நான்