மூன்றாவது பீப்பாய்

கார்த்திகை 9, செவ்வாய். கூடலூர் முகாம்.

போன வாரம் அணை வேலை ஆட்களுக்குக் கொடுக்க, மலிவான அமெரிக்க விஸ்கி மூன்று பீப்பாய் வந்தது. ருசி பார்த்துத் தரம் எழுதுவது கிடங்கு குமாஸ்தாவான என் வேலை. முதலாவதில் கருகின மரவாசனை, லேசான இனிப்பு. இரண்டாவது வெறும் காரம். மூன்றாவதில் வார்னிஷ் நாற்றம். "இது குடிக்கத் தகாது" என்றேன்.

"கூலியாளுகளுக்கு இது போதும்யா, எழுதுங்க" என்றார் காண்டிராக்டர். 'சுமார்' என்று எழுதிக் கொடுத்தேன்.

நேற்று அதைத்தான் ஊற்றினார்கள். குடித்தவர்களில் இருவர் இன்று செத்துப்போனார்கள். நடுப்பகலில் ராயப்பன்பட்டிக் கொத்தன் அந்தோணி சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். "விளக்க ஏத்துங்கண்ணே, ஒண்ணும் தெரியல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "நீங்களும் குடிச்சுப் பாத்தீகளே, உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?"

நான் விழுங்கவில்லை, துப்பிவிட்டேன் என்று சொல்லாமல் விளக்கை ஏற்றினேன்.