ஹூப்ளி–மதுரை: 1 மணி 22 நிமிடம்

ஜூலை 8, செவ்வாய்
சாரல். காற்று. உத்தமபாளையத்தில் காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் கட்.

வேலை: பயண இணையதளத்துக்கு விமான நிலைய ஜோடிகள், ஜோடிக்கு ஒரு பக்கம், இன்னும் 400 பக்கம். நேர்கோட்டுத் தூரம், வகுத்தல் 800, கூட்டல் 30 நிமிடம். ‘பயண நேரம்’ தயார். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் விமானம் ஓடுகிறதா என்று என் ஸ்கிரிப்ட் பார்க்காது. போன மாதமே கேட்டேன். ஆள் வந்து பக்கத்தைத் திறந்தால் போதும் என்றார் டீம் லீடர். நானும் விட்டுவிட்டேன்.

அத்தாவைத் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாயிற்று. கிட்னி இரண்டும் போச்சு. டயாலிசிஸ் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். டாக்டர் நாள் கணக்கு சொல்லவில்லை.

வாங்க: டயபர், பஞ்சு, இன்வெர்ட்டருக்குத் தண்ணீர்.

ஜூலை 9, புதன்
அண்ணன் போன். ஹூப்ளியில் ஏலக்காய்க் கடை, இன்று சரக்கு இறங்குகிறதாம். இப்போதே காரில் கிளம்பவா, நிலைமை பார்த்து விமானத்தில் வரவா என்று கேட்டான். கார் என்றால் பதினாறு மணி நேரம்.

“மதுரைக்கு ஒண்ணேகால் மணி நேரந்தான்னு நெட்ல போட்டிருக்கான். எப்பக் கூப்பிட்டாலும் வந்துருவேன்டா.”

நான் மீட்டிங்கில். எரிச்சல். சரிண்ணே, பாத்துட்டு வா என்று வைத்துவிட்டேன்.

மதியம் சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. 695 கி.மீ. 1.22. என் பக்கம். அந்தத் தடத்தில் நேர் விமானமே கிடையாது.

கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அத்தா ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தார், முகம் தெளிவாக இருந்தது. அதை நானே எழுதினேன் என்று சொல்லவும் கூச்சம். நாளைக்குச் சொல்லலாம்.

சாயங்காலம் அத்தா கண்ணைத் திறந்து, “பெரியவன் எங்கடா?”

“அண்ணன் ஒண்ணேகால் மணி நேரத்துல வந்துரும் அத்தா.”

தெரிந்தே சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி பார்த்தார்.

ஜூலை 10, வியாழன்
சுபுஹு பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் அத்தா போய்விட்டார். 5.10.

சேதி சொன்னதும் அண்ணன் ஏர்போர்ட்டுக்கே போய் நின்றுகொண்டு கூப்பிட்டான். மதுரைக்கு நேர் விமானம் இல்லை என்கிறார்களாம். பெங்களூரில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானம். மதுரை மாலை 5. அப்புறம் உசிலம்பட்டி வழியாக ரோடு.

அத்தாவின் அண்ணன், பெரியத்தா, மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். கெஞ்சினேன். மாலை அஸர் வரை தள்ளினார்.

“மய்யித்தக் காக்க வைக்கக் கூடாதுப்பா. அவனுக்காகத்தேன் இம்புட்டு நேரம். இதுக்கு மேல கேக்காத.”

குழிக்குள் இறங்க வேண்டியவன் மூத்த மகன். நான் இறங்கினேன். கஃபன் துணியின் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்தேன். மேலே ஏறி மூன்று பிடி மண். 5.15. அண்ணன் அப்போது மதுரை ஏர்போர்ட்டில் தன் பெட்டி வரக் காத்து நின்றுகொண்டிருந்திருப்பான்.

அவன் வீடு வந்து சேர்ந்தபோது மஹ்ரிப் தொழுகையும் முடிந்துவிட்டது. அத்தா படுத்திருந்த கட்டிலைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூலை 11, வெள்ளி
காற்று ஓயவில்லை. லீவ் மெயில் போட்டேன். பதில்: ஆழ்ந்த இரங்கல், திங்கள் வந்துவிடுவீர்களா.

அந்தப் பக்கத்தை அழித்தேன். அது ஒன்றை மட்டும். மற்றதெல்லாம் அப்படியே கிடக்கிறது.

ஜும்ஆ முடிந்து அண்ணனும் நானும் கபர்ஸ்தான். ஈர மண்மேல் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். நேற்றிலிருந்து தன்னைத்தான் திட்டிக்கொள்கிறான், சரக்கு பெரிசாகப் போய்விட்டதே என்று. என்னை ஒரு வார்த்தை இல்லை. தெரிந்தால்தானே. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் கேட்டான்.

“அத்தா என்னயக் கேட்டாகளாடா?”

“இல்லண்ணே. தூங்கிக்கிட்டே இருந்தாக.”