கை தூக்கிய ஐந்து பேர்

4.5.2025, ஞாயிறு

இன்று சாவடியில் இருந்தவர்கள்: பெர்சி டீச்சர், செல்போன் கடை ஜெயபாண்டி, என் கூட்டாளி மாயக்காள், அவள் மகன் முகேஷ், முனீஸ்வரியாகிய நான்.

கப்பலூர்க் கம்பெனி ஒன்று எங்கள் கண்மாயில் சாம்பல் கொட்டுகிறது. பாதி மேடாகிவிட்டது. கிணறு வற்றிப்போச்சு. வெயில் வருஷா வருஷம் ஏறுகிறது. அது அந்தக் கம்பெனிச் சாம்பல்தான் என்று சொன்னவன் முகேஷ். அந்த லாரியை ஓட்டுகிறவனே அவன்தான்.

வீடியோ எடுத்து எதில் போடுவது என்று பேச்சு. டீச்சர் போனில் ஒரு சின்ன வீடியோத் தளத்தைக் காட்டியது. விளம்பரம் கிடையாதாம். நம் விவரத்தை விற்க மாட்டார்களாம்.

"பெருசுல போட்டா நம்ம வீடியோக்கு அடியிலயே கம்பெனி விளம்பரம் வரும் பாட்டி. பேசுனது யாரு எவருன்னு தோண்டி எடுத்துருவாங்க."

ஜெயபாண்டி சிரித்தான். "நீங்க சொல்றதுல போட்டா காக்கா கூடப் பாக்காது டீச்சர்."

டீச்சர் சொன்னதுதான் சரி. எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் டீச்சர் சவரியப்பன் வாத்தியார் பேத்தி. மூணாங்கிளாஸில், "உனக்கு எழுத்து எதுக்கு, எருமை மேய்க்கப் போ" என்று என்னை வெளியே நிறுத்தியவர் அந்த வாத்தியார். அன்றைக்குப் புதன்கிழமை. தூறல். என் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.

டீச்சரும் முகேஷும் சின்னதுக்குக் கை தூக்கினார்கள். ஜெயபாண்டி பெரியதுக்கு. நானும் பெரியதுக்கே கை தூக்கினேன். என்னைப் பார்த்து மாயக்காளும். "அக்கா தூக்குனாச் சரியாத்தான் இருக்கும்."

6.5.2025

கண்மாய்க் கரையில் நின்று பேசினேன். ஜெயபாண்டி படம் பிடித்தான். யார் யார் சாட்சி என்று சொல்லாத பேச்சு ஊர்க்கூட்டத்தில் எடுபடாது. அதனால் ஐந்து பேர் பெயரையும் சொன்னேன். முகேஷ் எத்தனை நடை கொட்டினான் என்பதையும் சொன்னேன். அவன் அங்கே இல்லை, லாரியில் போயிருந்தான்.

"முகேஷ் பேரையாவது வெட்டிருவோம் பாட்டி," என்றது டீச்சர்.

"சாட்சிய வெட்டிட்டு என்னடி வழக்கு?" என்றேன்.

9.5.2025

இரண்டு லட்சம் பேர் பார்த்தார்களாம். அடியில் கம்பெனி விளம்பரம் வந்தது.

10.5.2025

முகேஷை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

13.5.2025

வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். பெயரைச் சொன்னதும் போனை எடுத்து அந்த வீடியோவைப் பார்க்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல பெரியம்மா." அம்புட்டுத்தான். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான்.

எனக்கு அழுகை வரவில்லை. சோறு இறங்குகிறது. படுத்தால் தூக்கமும் வருகிறது. என்ன உடம்பு இது—

20.5.2025

ஒன்றுமில்லை. வெயில்.

8.6.2025, ஞாயிறு

சாம்பல் லாரி வராமல் பத்து நாளாச்சு. அதிகாரிகள் கண்மாயை அளந்துவிட்டுப் போனார்கள். "ஜெயிச்சுட்டோம் அப்பத்தா," என்று ஜெயபாண்டி மிட்டாய் கொடுத்தான். வாயில் போட்டேன். இனிப்பா, என்னவென்று தெரியவில்லை.

காலையில் முகேஷ் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். டீச்சர்தான் வழியனுப்பப் போயிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

குழாயடியில் என் குடத்துக்கு எப்போதும் இடம் பிடித்து வைப்பவள் மாயக்காள். இன்று நான் வந்ததும் தன் குடத்தைப் பாதி நிறைந்தபடியே எடுத்துக்கொண்டு நடந்தாள். "ஏ மாயக்கா," என்றேன். திரும்பவில்லை.

சாயங்காலம் சவரியப்பன் வாத்தியாரை நினைத்துப் பார்த்தேன். குடையும் செருப்பும் நினைவு வந்தன. முகம் வரவில்லை. செத்த மனுசன், போகட்டும்.

ஒரு ஆளை மட்டும் விட மாட்டேன். இந்த முனீஸ்வரியை.