நெட்டுவாக்கில் ஓட்டிப் பார்க்காத மெஷின்

மாமா,

புயலுக்குச் சாய்ந்த புளியமரத்தை அறுக்க இன்று காலை அனந்தபுரம் ரோட்டுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். கையில் தூக்கிப் போகிற மெஷின் ரம்பம். அதை ஏணி மாதிரி ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டி, மரம் விழுந்த இடத்திலேயே பலகை பலகையாக அறுத்துப் போட்டார்கள். பெட்ரோல் புகையும் புளியமரத் தூளும் சேர்ந்து மூக்கில் ஏறியது. நான் என் பாட்டுக்குப் போயிருக்கலாம். இதை எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கையில இருந்த காசுக்கு செகண்ட் ஹேண்டுதாங்க கிடைச்சுது. குறுக்க வெட்டிக் காட்டினா எந்த மெஷினும் நல்லாத்தான் வெட்டும். பலகைன்னா நெட்டுவாக்குல அறுக்கணும்ல, அப்டி ஓட்டிக் காட்டுன்னு சொன்னோம். திணறாம ஓடிச்சு, வாங்கியாந்துட்டோம்" என்றான் ஒருத்தன்.

எனக்கு வயிறு எரிந்தது மாமா. வேறு எப்படிச் சொல்ல?

அறுபதுகளில் செஞ்சியைச் சுற்றி எந்தக் கொல்லையில் மரம் சாய்ந்தாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். குழி வெட்டி, அதன் மேல் மரத்தை ஏற்றி, பெரிய ரம்பத்தை நான் மேலே நின்று இழுப்பேன். நீ குழிக்குள் நின்று இழுப்பாய். போட்ட கோட்டைப் பார்த்து ரம்பத்தை நடத்துவது மேலே நிற்பவன் வேலை. உனக்குக் கண் மங்கல். அதனால் குழி உனக்கென்றே ஆகிப்போனது. விழுகிற தூளெல்லாம் உன் தலையிலும் மூக்கிலும் நெஞ்சிலும்தான். நீ இருமுகிற இருமலில் எதிர்வீட்டு நாய் குரைக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், இனிமேல் தூளில் நின்றால் நெஞ்சு தாங்காது என்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்டினா உங்க மாமாவ அந்தக் குழிலேர்ந்து மேல ஏத்திடுடா" என்று அழுதாள். ஏற்றிவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு லாரிக்காரர் சொன்னார்: மலை எஸ்டேட்டுகளில் கழித்துப் போடுகிற மெஷின் ரம்பமெல்லாம் மெட்ராசில் பழைய இரும்புக் கடைக்கு வருகிறதாம். குழியே வேண்டாம், மரம் கிடக்கிற இடத்துக்கே எடுத்துப் போய் அறுக்கலாமாம். அக்கா கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். நான் கறவை மாட்டை விற்றேன். அதற்கு மேல் நம்மிடம் எதுவும் கிடையாது. தப்பான மெஷினை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழியே இல்லை. இது உனக்குத் தெரியாதா?

கடையில் இரண்டு மெஷின் இருந்தது. ஒன்று கறுத்துப்போன பெரிய இன்ஜின், பல்லுச் சங்கிலி ஓடுகிற நீளமான பட்டை, தூக்கினால் இடுப்பு ஒடியும். மற்றொன்று சின்னது, புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். கடைக்காரர் நம்மை ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்தார். அப்புறம் சின்ன மெஷினை எடுத்து ஒரு கட்டையைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். வாழைத்தண்டு மாதிரி துண்டாகி விழுந்தது. உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு பூரிப்பு.

குறுக்கே வெட்டுகிற ரம்பத்துக்கும் நெட்டுவாக்கில் அறுக்கிற ரம்பத்துக்கும் பல்லே வேறு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். "நெட்டுல ஓர் அடி ஓட்டிக் காட்டச் சொல்லு மாமா. இல்லன்னா பெருச எடு" என்று உன் காதில் சொன்னேன். நீ என் தொடையைக் கிள்ளினாய்.

"சும்மா இர்றா. காபிலாம் வாங்கிக் குடுத்துக்கிறாரு. இப்பப் போயி சந்தேகப்பட்டா மனுசன் இன்னா நெனைப்பாரு?"

இதுதான் நீ. சோறு தண்ணி கொடுத்தவனிடம் எதிர்த்து ஒரு கேள்வி கேட்கக் கூடாது உனக்கு. கேட்டால் அவன் மனசு நொந்துவிடுமாம்.

முதல் வேலை ஒரு பெரிய வேப்பமரம். முதல் பலகை வந்தது. பக்கத்தில் நின்றிருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த பலகையில் பாதி தாண்டவில்லை, மெஷின் ஊளையிட்டது, புகைந்தது, இறுகி நின்றது. செஞ்சி மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்: "கிளை வெட்டற மெஷின வெச்சிக்கினு பலகை அறுத்தா இன்னா ஆவும்? பிஸ்டன் ஒட்டிக்கிச்சு."

மெட்ராஸ் போய்ச் சண்டை போடலாம், பெரிய மெஷினைக் கேட்டு வாங்கலாம் என்று குதித்தேன். "விடுறா, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போயி கேக்கறது. பாவம், அவருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாய். பாவமாம்! அடுத்த வாரம் நீயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனாய். நான் கீழே இறங்குகிறேன் என்று மல்லுக்கு நின்றேன். உன்னை மேலே ஏற்றினால் கோடு கோணிப்போய் பலகை பாழாயிற்று. திரும்ப நீயே இறங்கினாய்.

அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை.

உன் கருமாதிக்கு ஊரே வந்திருந்தது. பந்தியில் ஒரு பெரியவர், "யார் மனசையும் நோவடிக்காத மனுசன்யா" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்குத் தாங்கவில்லை. "எங்கக்கா மனசு?" என்று கத்திவிட்டேன். பந்தி அப்படியே நின்றுவிட்டது. சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள். அக்கா மட்டும் திட்டவில்லை. உள்ளேயிருந்து எழுந்து வந்து, என் இலையில் சோறு போட்டாள்.

எனக்கும் வயசாகிவிட்டது மாமா. போனவர்மேல் கோபம் ஆகாது, மன்னித்துவிடு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மாட்டேன். முன்பின் தெரியாத ஒரு கடைக்காரன் வருத்தப்படக் கூடாதென்று எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனவன் நீ. உன்னை நல்லவன் என்று சொல்ல ஊரே இருக்கிறது. நீ இருந்திருக்கலாம் என்று கோபப்பட, அக்காவும் போன பிறகு, நான் ஒருத்தன்தான் மிச்சம்.