ஜம்புவின் ரத்தத்தில் நீலப் புள்ளிகள்

2 ஜூன் 2003, திங்கள்

தேர்வு முடிந்த பிறகு நான்கு வாரம் பிடித்த துறையில் போய் இருந்து பார்க்கலாம் என்று எங்கள் புனே மருத்துவக் கல்லூரியில் இந்த வருடம்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். எலெக்டிவ் என்று பெயர். வகுப்பில் பாதிப் பேர் இதயத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள், மீதிப் பேர் அறுவை சிகிச்சைக்கு. ரத்தவியலுக்கு நான் ஒருத்திதான்.

ஏன் ஷஃபானா, ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். மற்ற உறுப்பெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரத்தம் மட்டும் உடம்பு முழுக்கப் போய்விட்டு வருகிறது. எங்கே போனாய், என்ன பார்த்தாய் என்று அதைக் கேட்க முடியாதா? இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "அங்கே கூட்டம் குறைவு" என்று சொல்லிவைத்தேன்.

துறைத் தலைவர் டாக்டர் கேதகி ஆப்டே. ஒல்லி, வேக நடை. என்னிடம் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். காலையில் வார்டு. மதியம் லேப். கடைசி நாளில் ஒரு நோயாளியைப் பற்றி எல்லோர் முன்னாலும் நான் பேச வேண்டும்.

இந்த நோட்டைத் தமிழில் எழுதுவது தமிழ்ப் பற்றால் இல்லை. ஹாஸ்டலில் வேறு யாருக்கும் படிக்க வராது.

3 ஜூன்

பதினோரு ஸ்மியர் போட்டேன். பதினொன்றும் கேவலம்.

5 ஜூன், வியாழன்

ஸ்மியர் என்றால், ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பயந்து இழுத்தால் வரி வரியாக வருகிறது. அழுத்தினால் கிழிகிறது. இன்றுதான் முதல்முறையாக ஒழுங்காக வந்தது, நாக்கு நுனி போல மெலிந்து.

வேறு யாரும் அகப்படாததால் என் ரத்தம்தான். சாயம் ஊற்றி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நடுவில் லேசாக வெளுத்த ரோஜா நிற வட்டங்கள், ஆயிரக்கணக்கில். அப்படியே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிவப்பணு நூற்றிருபது நாள்தான் இருக்குமாம். அப்படியானால் ஜனவரியில் எனக்குள் ஓடியதில் ஒன்றுகூட இப்போது இல்லை. ஆனால் நான் இருக்கிறேன். இதை யோசித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன்.

9 ஜூன், திங்கள்

காலையில் ஹாஸ்டல் போனில் அத்தா. "நம்ம ஷெட்டு ஜம்புவுக்கு வயித்து வலி தீரவே மாட்டேங்குதும்மா. ஒன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். கூட இருந்து பாத்துக்க."

அத்தா உத்தமபாளையத்திலிருந்து புனேவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். போசரியில் பழைய வண்டி பேட்டரிகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை உருக்கிக் கட்டியாக விற்கிறார். என் படிப்பு, தம்பி ஹாரிஸின் படிப்பு, பிம்ப்ரி வீடு, எல்லாமே அந்த உலையிலிருந்துதான். ஜம்பு செஞ்சிப் பக்கத்து ஆள். ஆறு வருடமாக உலைக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையில் மனைவி, குழந்தையோடு இருக்கிறார்.

பதினோரு மணிக்கு வந்தார். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"வவுத்துக்குள்ள ஈரத்துணிய முறுக்கிப் புழியற மாதிரி இருக்குது பாப்பா. போன வருசம் அப்பெண்டிக்ஸுன்னு வேற ஒரு இடத்துல கிழிச்சுப் பாத்தாங்க. அது போயிடுச்சு, வலி மட்டும் தங்கிடுச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வார்டில் சேர்த்தாயிற்று. கேஸ் ஷீட் நான்தான் எழுதினேன். வயது 34. தொழில்: கூலி.

10 ஜூன்

ஹீமோகுளோபின் எட்டு. அணுக்கள் அளவில் சிறியவை. இரும்புச்சத்துக் குறைவு என்று சட்டென்று சொன்னேன். டாக்டர் ஆப்டே இரும்புப் பரிசோதனைத் தாளை என் பக்கம் தள்ளினார். இரும்பு நிறையவே இருக்கிறது. இரும்பு இருக்கிறது, ஆனால் அதை வைத்து ரத்தம் உண்டாகவில்லை. மாவு இருந்தும் ரொட்டி சுடாத வீடு மாதிரி. யார் அடுப்பை அணைத்தது? பரம்பரைக் கோளாறா என்று பார்க்க இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

12 ஜூன், வியாழன்

பரம்பரைக் கோளாறு இல்லை. லேப் போட்ட ஸ்லைடிலும் விசேஷமாக ஒன்றும் இல்லை. வெறும் சின்னச் சின்ன வெளிறிய அணுக்கள்.

மதியம் ஜம்புவிடம், "பழகணும், ஒரு விரல் தர்றீங்களா?" என்று கேட்டேன். "பத்து இருக்குது, எது வேணும்?" என்று கையை நீட்டினார். விரலில் குத்தி, படுக்கைப் பக்கத்திலேயே ஸ்மியர் போட்டு எடுத்து வந்தேன்.

மைக்ராஸ்கோப்பில் முதலில் சாயத் தூசி என்று நினைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தூசி இல்லை. சிவப்பணுவுக்கு உள்ளேயே நீலப் புள்ளிகள் — யாரோ பேனாவை உதறிய மாதிரி. நூறில் நான்கைந்து அணுக்களில் இருக்கின்றன. லேப் ஸ்லைடைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் ஒன்றுகூட இல்லை!

ஒரே ஆள், ஒரே வாரம். ஒரு ஸ்லைடில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எதை நம்புவது?

13 ஜூன், வெள்ளி

டாக்டர் ஆப்டே பத்து நிமிடம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு வார்டுக்குப் போய் ஜம்புவை வாய் திறக்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி நீலக் கறுப்புக் கோடு. அதை நான் நாலு நாளாகப் பார்க்கவில்லை. வெற்றிலைக் கறை என்று நினைத்தேனோ?

"இவர் என்ன வேலை செய்கிறார்?" என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். அந்த நிமிடம்தான் தெரிந்தது, எனக்கு எல்லாமே தெரியும் என்று. பேட்டரித் தகடு என்றால் ஈயம். புகையும் ஈயம். சொன்னேன். யாருடைய ஷெட் என்று சொல்லவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க ட்யூபில் ஒரு மருந்து போட்டிருப்பார்கள். அதில் நேரம் கழிந்தால் இந்தப் புள்ளிகள் அழிந்துபோகுமாம். அதனால்தான் லேப் ஸ்லைடில் காணோம். வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்தின் இன்னொரு வடிவத்தைத்தான் நரம்பில் ஏற்றி உடம்பிலிருந்து ஈயத்தை வெளியே இழுக்கிறார்கள். ட்யூபில் இருந்தால் சாட்சியை அழிக்கிறது. உடம்பில் போனால் குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

இதை ரசிக்கிற நிலைமையில் நான் இருக்கக் கூடாது. ஆனாலும் ரசித்தேன்.

ஈய அளவு பார்க்க ரத்தம் மும்பைக்குப் போயிருக்கிறது.

15 ஜூன், ஞாயிறு

போசரிக்குப் போனேன். மழை விட்டிருந்தது. ஞாயிறு என்பதால் உலை எரியவில்லை. அத்தாவும் இல்லை. இந்த ஷெட்டுக்குச் சின்ன வயதில் எத்தனை ஞாயிறு வந்து விளையாடியிருக்கிறேன்! தகரத்தில், ஜன்னல் கட்டையில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில், எல்லாவற்றிலும் சாம்பல் நிறத் தூள். இருபது வருடம் பார்த்திருக்கிறேன். தூசி என்றுதான் பார்த்திருக்கிறேன்.

ஜம்புவின் மனைவி வேதநாயகி அவருடைய வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் அம்மு. மூன்று வயது. படியில் படிந்திருந்த தூளில் விரலால் வட்டம் போட்டாள். பிறகு அந்த விரலை வாயில் வைத்துச் சப்பினாள்.

"மண்ணு தின்னுதும்மா. எவ்ளோ அடிச்சாலும் கேக்க மாட்டேங்குது" என்றாள் வேதநாயகி. "வாய்ப்பேச்சும் இன்னும் சரியா வரல."

நாளைக்கே குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ரத்தப் பரிசோதனை என்று மட்டும் சொன்னேன். கோழை.

16 ஜூன்

அம்முவின் ரத்தமும் மும்பைக்குப் போயிற்று. அழவே இல்லை. அதுவே சரியில்லை என்று தோன்றியது.

20 ஜூன், வெள்ளி

ரத்தத்தில் ஈயம்: ஜம்பு — 94. அம்மு — 58. பத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

குழந்தையையும் சேர்த்துவிட்டார்கள். இருவருக்கும் மருந்து ஏறத் தொடங்கிவிட்டது.

மாலை பிம்ப்ரி வீட்டுக்குப் போனேன். அத்தா ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருந்தார். தாளைக் காட்டினேன். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். தமிழில் ஈயம், விஷம் என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் சொல்வதைவிடப் பயங்கரமாக இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா அந்தப் பொகையிலதான் நானும் நிக்கிறேன். எனக்கு என்ன வந்துருச்சு?"

"உங்களையும் பாக்கணும்த்தா."

"நாந்தானம்மா அவன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்! அவன் வலி போகட்டும்னு அனுப்பினேன். எந்தலையில கொண்டாந்து கட்டுறதுக்கா அனுப்பினேன்?" குரல் ஏறியது. "தெரிஞ்சா செஞ்சேன்? சொல்லு. தெரிஞ்சா செஞ்சேன்?"

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.   அத்தா தெரியாமல்தான் செய்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாதே — அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

லேபில் நான் மட்டும் இருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கதவு திறந்தது. அத்தா.

மேலே வார்டுக்குப் போய்விட்டு வருகிறார். அம்மு கையில் ட்யூபோடு தூங்கிக்கொண்டிருந்தாளாம். வேதநாயகி இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "பாய், ஒக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாளாம்.  "திட்டியிருக்கலாம்மா. ஸ்டூலப் போடுது" என்றார்.

 பிறகு விரலை நீட்டினார். "என்னோடதப் பாரு."

குத்தி, துளியைக் கண்ணாடியில் இழுத்தேன். ஸ்மியர் நன்றாக வந்தது. சாயம் ஊற்றிக் காயவைத்தேன். முதலில் நான் பார்த்தேன். பிறகு நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஃபோகஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதுல எதும்மா?"

"நடுவுல பாருங்க. உள்ளுக்குள்ள நீலமா, பொடிப்பொடியா."

ரொம்ப நேரம் பார்த்தார். "இது எனக்குள்ள ஓடுறதா?"

"ஆமாத்தா."

தலையைத் தூக்காமலே கேட்டார். "நீ சின்னப் புள்ளையில அங்கதானே வெளாடுவ. ஒன்னோடதுல இருக்கா?"

"இல்லத்தா. வந்த வாரமே என்னோடதப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

அப்போதுதான் நிமிர்ந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தா அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, வைத்தேன்.

25 ஜூன், புதன்

அம்மா போன் செய்தார். அத்தா உலையை இடித்துவிட்டாராம். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, கடப்பாரையால், தானே. இனிமேல் பேட்டரியை உடைக்காமல் முழுசாக லைசன்ஸ் உள்ள கம்பெனிக்கு லாரியில் அனுப்பப் போகிறாராம். வியாபாரம் பாதிகூட நிற்காது என்றார் அம்மா. பிறகு, "நீ வெள்ளிக்கிழமை சாப்புடாமப் போனியே" என்றார். அவ்வளவுதான்.

28 ஜூன், சனி

எலெக்டிவ் கடைசி நாள். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் பேச்சு: ஜம்பு.

முந்தின நாள் அத்தாவிடம் போனில் கேட்டேன். நோயாளி எங்கே வேலை செய்தார் என்று சொல்ல வேண்டியிருக்கும், சொல்லட்டுமா?  "ஒன்னோட டாக்டர் பொய்யா எழுதச் சொல்வாங்களா?" மாட்டார்கள் என்றேன். "அப்ப ஏன் எங்கிட்டக் கேக்குற?"

அதனால் சொன்னேன். தொழில்: பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குதல். முதலில் 'கூலி' என்று எழுதியது நான்தான், அந்த ஒரு வார்த்தையால் நான்கு நாள் போயிற்று. உரிமையாளர்: என் தந்தை தாவூத்.

 முன்வரிசையில் ஒருவர் இருமினார்.

டாக்டர் ஆப்டே கேட்டார். "அங்கே இன்னும் எத்தனை பேர்?"

"மூன்று பேர். என் தந்தையோடு நான்கு. நான்கு பேரின் ரத்தமும் நேற்று மும்பைக்குப் போயிற்று."

"அந்தத் தெருவில்?"

 அந்தத் தெருவில் அப்படி இன்னும் எத்தனை உலை? எண்ணிப் பார்த்ததே இல்லை.

10 பிப்ரவரி 2004, செவ்வாய்

செவ்வாய் மதியங்களில் இன்னமும் லேபுக்குப் போகிறேன். யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

ஜம்பு 31க்கு இறங்கியிருக்கிறார். வயிற்று வலி நின்றுவிட்டது. இப்போது லாரியில் ஏற்றி இறக்கும் வேலை. குடும்பம் ஷெட்டை விட்டு வேறு இடத்துக்குக் குடிபோயிற்று. அம்மு 22. பேச்சு வர ஆரம்பித்திருக்கிறது, முழுக்கச் சரியாகுமா என்பதற்கு மட்டும் டாக்டர் ஆப்டே வாக்குக் கொடுக்கவில்லை. அத்தா 37.

இன்று லேப் வாசலில் எட்டுப் பேர். எல்லோரும் அத்தாவின் ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட்டுகளில் வேலை செய்பவர்கள். பாதிப் பேர் மராட்டிக்காரர்கள், மீதிப் பேர் பீகாரிகள். அந்த முதலாளிகளில் இரண்டு பேர் அத்தாவோடு பேச்சை நிறுத்தி மாதக்கணக்காகிறது. அதனால் அவர் ஆட்களிடமே போய்ப் பேசி, அரைநாள் லீவு போடவைத்து டெம்போ பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். தன் அரைகுறை மராத்தியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விரலை எப்படி நீட்ட வேண்டும் என்று தானே நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஆளின் ஸ்லைடை வைத்தேன். வெளிச்சத்தைச் சரி செய்து, மெல்லத் திருப்பினேன். பின்னால் அத்தா வந்து நிற்பது தெரிந்தது.

"இருக்கா?"

"இருங்கத்தா. இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன்."