நீ கொடுத்த பாதித் தலை

இன்று காலை புதுத் தபால்காரர் என் முடிவெட்டும் கடை வாசலில் சைக்கிள் மணியை அடித்தார். முகத்தில் மீசையே இல்லை. அந்த மணிக்குப் பின்னால் உன் மீசைதான் வரவேண்டும் என்று என் கண் பழகிக் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவனே, உனக்கு நான் ஒன்று எழுதுகிறேன். விலாசம் தெரியாது. இரண்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்.

நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்கு முந்திய வருஷம் எனக்கு வந்ததே ஒரு நோய். காலையில் நான் சிங்கம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இமை இரண்டும் கடைக் கதவு மாதிரி இறங்கிவிடும், கத்தி பிடித்த கை தோளுக்கு மேல் ஏறாது. நம் ஊர் காஜா பெராங் முழுக்க நான் கள் குடிப்பதாகப் பேச்சு. அதை நான் தொட்டதே இல்லை. ஆனால் ஊரையே கேலி பேசினவன் கையைத் தூக்க முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நடிக்கிறேன் என்று சிரித்தார்கள். பக்கத்து ஊர் செமாபோக்கிலிருந்து வரும் வாடிக்கைக்காரர் ஒருவரின் காதோரம் கத்தி கீறியதும் சிரிப்பும் நின்றது, வரவும் நின்றது. கத்தியை விட்டால் எனக்கு வேறு என்ன பிழைப்பு தெரியும்?

நீ மட்டும் சாயங்காலம் தபால் கொடுத்து முடித்ததும் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டுவாய். பாதியில் நான் கையைத் தொங்கவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாய்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை கூட்டிப்போனாய். டாக்டர் பார்ப்பது காலையில். காலையில்தான் நான் சிங்கம் ஆயிற்றே. கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது நீ சொன்னாய்:

"உன் சாயங்காலத்த அவருக்குக் காலையிலயே காட்டணும்டா."

நான்காவது தடவை நீ லீவு போட்டுவிட்டு என் சவரப் பெட்டியையும் எடுத்துவரச் சொன்னாய். ஆஸ்பத்திரி மரத்தடியில் சட்டையைக் கழற்றி உட்கார்ந்து தாடையைக் காட்டினாய். வழித்தேன். கை அசரவில்லை. மீசையைக் காட்டினாய். தெங்கேரா வரைக்கும் பேர்போன மீசை. மாட்டேன் என்றேன்.

"மீசை வளரும்டா. கை வளருமா?"

மீசை போயிற்று. அடுத்து தலை. ஒரு பக்கம் முடிந்து உச்சிக்கு வரும்போது கை விழுந்தது, இமையும் இறங்கியது. இளைப்பாற விடாமல் என்னை இழுத்துக்கொண்டுபோய், பாதித் தலையோடு டாக்டர் முன்னால் நின்றாய்.

அவர் சிரிக்கவில்லை. விரலை உயர்த்தி அதையே பார்க்கச் சொன்னார். என் இமை தானாக மூடிக்கொண்டது. ஓர் ஊசி போட்டுக் காத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி இரண்டு இமையும் மேலே போயின. முதலில் கண்ணில் பட்டது உன் தலைதான். ஒரு பக்கம் கொட்டாங்கச்சி, ஒரு பக்கம் காடு. வயிறு வலிக்கச் சிரித்தேன். டாக்டர் பார்க்கப் பார்க்கக் கத்தியை எடுத்து மீதியையும் முடித்தேன்.

நரம்பு அனுப்பும் சேதி சதைக்குப் போய்ச் சேரவில்லை என்று அவர் சொன்னதை, வழியில் நீ உன் பாஷையில் சொன்னாய்:

"நரம்பு கடுதாசி போட்டுக்கிட்டேதான் இருக்கு. சதை வீட்டுல கதவு அடைச்சுக் கெடக்கு. நீ நடிக்கலடா."

அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் அழுதேன். நீ சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டில் உன் மனைவி மொட்டையைப் பார்த்ததும், ஊரில் உன் அம்மா இறந்த தபாலை நீ மறைத்துவிட்டதாக ஒப்பாரி வைத்துவிட்டது. அந்தக் கிழவி அங்கே நன்றாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. மெர்டேக்கா நாளுக்குள் மீசை பழையபடி நின்றது. முறுக்கிவிட்டவன் நான்.

போன மாதம் உன் உடலைக் கிடத்தியிருந்தபோது அதைச் சீவிவிட்டதும் நான்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். கை கடைசிவரை இறங்கவில்லை.

இன்னமும் சில சாயங்காலம் கை இறங்கும். மறைப்பதில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, உன் பாதித் தலைக் கதையை எடுத்துவிடுகிறேன். பாதி முகத்தில் சோப்புக் காய்கிறது. ஒருவரும் எழுந்து போவதில்லை.