நெய்க் கரண்டிக்குக் குறுக்கே ஒரு கை

கிடைத்துவிட்டதடி, காபி. கடுங்காபி இல்லை. காபி மாதிரி என்று மனசைத் தேற்றிக்கொண்டு குடிக்கும் கஷாயமும் இல்லை. டிகாக்‌ஷன் மணக்க, மேலே நுரை நிற்க, டபராவில் ஆற்றிக் குடிக்கிற அசல் ஃபில்டர் காபி. மாட்டுப் பால் ஒரு சொட்டுகூட இல்லை. நேற்றுக் காலை அடையாறில் ஒரு சின்னக் கடையில் குடித்தேன். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதுமே கை தானாகப் போனைத் தேடியது. உன் எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை. உன் பெயர் வரைக்கும் விரல் போன பிறகுதான் நினைவு வந்தது.

இதை வேறு யாரிடம் சொன்னாலும் "அப்படியா" என்பார்கள். நீ ஒருத்திதான் எந்தத் தெரு, சோயாவா முந்திரியா, கசந்ததா, திரிந்ததா என்று குடைந்து எடுப்பாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ இல்லாத சென்னைக்கு இதுதான் நான் முதல்முறை வருவது. பெருங்குடியில் மூன்று நாள் பயிற்சி. தங்கல் அசோக் நகரில் சித்தி மகள் வீட்டில். ரயில் ஏறும்போதே ஒரு முடிவோடுதான் ஏறினேன். எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம், மயிலாப்பூர் மெஸ்ஸுக்கு மட்டும் போகக் கூடாது. அங்கே பரிமாறும் அண்ணன் உன்னைக் கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நீ சொல்லிவைத்த பொய்யால் வந்த வினை.

நான் பாலை விட்ட கதைதான் உனக்குத் தெரியுமே. வங்கியில் கால்நடைக் கடன் கேட்பவர்களின் பண்ணையைப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. ஒரு பண்ணையில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துத் தனியே கட்டியிருந்தார்கள். இரண்டும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று சாயங்காலம் காபி தொண்டையில் இறங்கவில்லை. பிறகு தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று ஒவ்வொன்றாகப் போனது. வீட்டில் எல்லோரும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கவலைப்பட்டார்கள். நீ மட்டும் போனில் விழுந்து விழுந்து சிரித்தாய். "மத்தவங்க பண்ணைக்குப் போனா பால் வாங்கினு வருவாங்க. நீ இன்னாடின்னா குடிச்சிக்கினு இருந்ததையும் வுட்டுட்டு வந்து நிக்கிற." சிரித்து முடித்த கையோடு, அடுத்து எப்போது சென்னைக்கு வருகிறாய் என்று கேட்டாய். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது சுத்தத் தமிழ் பேசுகிற நீ, உற்சாகம் வந்துவிட்டால் முழு மெட்ராஸ்காரி ஆகிவிடுவாய். அன்று அப்படித்தான் ஆகியிருந்தாய்.

உன்னை நம்பி என் சாப்பாட்டை ஒப்படைத்தேன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாகவே மதிக்காதவள் நீ. சாந்தோமில் காலைப் பூசை முடிந்ததும் நேரே நொச்சிக்குப்பம் மீன் சந்தை. செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வஞ்சிரத்துக்கு விலை பேசாமல் வீடு திரும்ப மாட்டாய். ஆனால் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் என்பதாலோ என்னவோ, என்னிடம் ஒரு காரணமும் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் உங்கள் வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் அடுப்பேறாது. "உனக்கு வருஷம் பூரா தபசு காலம், அவ்ளோதானே" என்றாய். எத்தனையோ பேரிடம் நான் மணிக்கணக்கில் விளக்கியும் புரியாத விஷயம் உனக்கு ஒரு வரியில் முடிந்துபோனது.

பிறகு தொடங்கியது நம் வேட்டை. தி.நகரில் புடவை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினோமே, எனக்கு அதை நினைத்தால் இப்போதும் கால் பரபரக்கிறது. நொச்சிக்குப்பத்தில் பழகிய உன் மூக்கு அங்கே நன்றாக வேலை செய்தது. ரசம் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் "நெய்ல தாளிச்சிருக்கான்" என்பாய். கேட்டால், மணத்துக்கு ஒரு கரண்டிதான் என்று ஒத்துக்கொள்வார்கள். ரவா தோசை மாவில் மோர், அவியலில் தயிர், ஒரு கடையில் தேங்காய்ச் சட்னியில்கூடத் தயிர். ஒவ்வொன்றையும் நீ கண்டுபிடிக்கும்போது எனக்குக் கிடைக்காமல் போன சாப்பாட்டை நினைத்து வருத்தம் வருவதற்குப் பதில், உன் முகத்தைப் பார்த்துச் சிரிப்புதான் வரும்.

கிடைத்தவையும் ஒன்றா இரண்டா? நல்லெண்ணெயில் குழைத்த பொடியும் சூடான இட்லியும், மாங்காய்த் துருவல் போட்ட பட்டாணி சுண்டல், விரலில் எண்ணெய் பளபளக்கும் புளியோதரை, கேழ்வரகு அடை, தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம். "நம்மூரு சாப்பாடு பாதி ஒன் கட்சிதாண்டி, மீதிப் பாதியத்தான் நெய்ய ஊத்திக் கெடுத்து வச்சிருக்கானுங்க" என்று, உன் நெய் ரோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்.

காபி மட்டும் நமக்கு அகப்படவே இல்லை. சோயா பால் டிகாக்‌ஷனைப் பார்த்ததும் திரிந்தது. உன் வீட்டு அடுப்பில் தேங்காய்ப்பாலை வைத்து நான் கலந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "காபி குடிக்கிறியா, ஆப்பத்துக்குத் தொட்டுக்கப் போறியா" என்று கேட்டாய். நிலக்கடலைப் பாலில் போட்டதை ஒரு வாய் குடித்துவிட்டு இரண்டு பேருமே தொட்டியில் கொட்டினோம்.

சாப்பாட்டைவிடப் பெரிய கஷ்டம், அதைக் கேட்டு வாங்குவதுதான். வீகன் என்றால் பனீர் வந்தது. பால் வேண்டாம் என்றால் தயிர், தயிர் வேண்டாம் என்றால் மோர். உடம்புக்கு ஒத்துக்காதா என்பார்கள். ஒத்துக்கும் என்றால் அப்புறம் என்ன, ஒரு சொட்டுதானே என்று ஊற்றிவிடுவார்கள். மயிலாப்பூர் மெஸ்ஸில் முதல்நாள் அதுதான் நடக்க இருந்தது. இலையில் பருப்பு விழுந்ததும், அறுபதை நெருங்கிய அந்த அண்ணன் நெய்க் கரண்டியோடு குனிந்தார். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து உன் கை வந்து என் இலைக்கு மேலே நின்றது, ஐந்து விரலும் விரிந்து.

"வேண்டுதல்ண்ணே" என்றாய். "எனக்கு உடம்பு சரியில்ல. நான் குணமாகற வரைக்கும் இவ பாலு, நெய்யி, தயிரு எதையும் தொட மாட்டேன்னு வேண்டிக்கினு கீறா."

அவர் உன்னைப் பார்த்தார். அப்போதுதான் இரண்டாவது தடவை வத்தக்குழம்பு கேட்டு வாங்கியிருந்த நீ, அவசரமாக முகத்தைச் சோர்வாக்கிக்கொண்டாய். எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று அவர் கேட்டபோதுதான் முதல்முறையாகத் திணறினாய். கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைத் துப்பட்டாவுக்குள் தள்ளிவிட்டு, "எல்லா சாமிக்கும்தாண்ணே, யாரு மொதல்ல கேக்கறாங்களோ" என்றாய்.

அவர் சிரிக்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நெய்யில் தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவைத்த பருப்பும், நல்லெண்ணெயும், தயிருக்குப் பதிலாக இன்னொரு கரண்டி புளிக்குழம்பும் வந்தன. நோயாளிக்குத் தெம்பு வர வேண்டுமே என்று உன் இலையில் இரண்டாவது அப்பளம் வைத்தார்.

வெளியே வந்து கோயில் குளத்துச் சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் பூக்காரம்மா எழுந்து வந்து என்னவென்று விசாரித்தார். எனக்கு உள்ளூர உறுத்தியது. எதற்கடி இப்படி அபசகுனமாக ஒரு பொய் என்று கேட்டேன். "வியாதி என் தலையில, நெய்யில்லாத பருப்பு ஒன் எலையில. இதுல யாருக்குடி நஷ்டம்" என்றாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் உன்னிடம் நலம் விசாரிப்பார். "பரவால்லண்ணே, கொஞ்சம் கொஞ்சமா" என்பாய். இரண்டாவது அப்பளம் வரும். உனக்கு உடம்பு சரியாகிவிட்டால் அப்பளம் நின்றுவிடும் என்பதற்காகவே நீ குணமாகாமல் இருந்தாய்.

பிறகு வியாதி உண்மையாகவே வந்தது. உன் பொய்யால்தான் வந்தது என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. நினைத்தால் நீயே வந்து தலையில் குட்டுவாய். ஆனால் எனக்குக் கோபம் உண்டு, இப்போதும் உண்டு. யார்மேல் என்று தெரியாத கோபம். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் நீ சாப்பாட்டைத்தான் பேசினாய். "காபிதாண்டி பாக்கி. கண்டுபுடிச்சா மொதல்ல எனக்குச் சொல்லு." சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லிவிட்டேன், பார்த்தாயா? முந்திரிப் பால்தானாம். நான் கேட்டதும் கடைக்கார அம்மா சந்தோஷமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரவே ஊறவைத்து, நைசாக அரைத்து வடிகட்டி, கொதிக்க விடாமல் சூடு மட்டும் காட்ட வேண்டுமாம். நாம் கொதிக்க வைத்துத்தான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறோம். ஒன்று குடித்து, இன்னொன்றும் வாங்கினேன். இரண்டாவதை எதிர்ப்பக்கம் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறிப்போனால் நீ திட்டுவாய் என்று அதையும் நானே குடித்தேன்.

அந்தக் காபி கொடுத்த தைரியம்தான் என்று நினைக்கிறேன். இன்று மத்தியானத்தோடு பயிற்சி முடிந்தது. வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் மயிலாப்பூர் குளம் என்று சொல்லிவிட்டேன். வழியெல்லாம் பதிலை ஒத்திகை பார்த்தேன். வெளியூர் போயிருக்கிறாள். மகளோடு இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். எதுவும் வாயில் பொருந்தவில்லை. பொய் சொல்வதில் உன் திறமை எனக்கு ஏது?

அதே மேஜை காலியாக இருந்தது. இலை விழுந்தது, பொரியல் விழுந்தது, பருப்பு விழுந்தது. நெய்க் கரண்டியோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்குக் குணமாயிடுச்சாம்மா?"

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. "இல்லண்ணே. போயிட்டா" என்றேன்.

அவர் கரண்டியைப் பாத்திரத்துக்குள் மெதுவாக இறக்கினார். பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் உனக்காக ஒரு விளக்கு ஏற்றிவந்ததாகச் சொன்னார். உன் பெயர் அவருக்குத் தெரியாதாம். அப்பளம் அம்மா என்று சொல்லித்தான் வேண்டிக்கொள்வாராம்.

கேட்டாயா? நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு பொய்க்கு, கபாலீசுவரர் சன்னிதியில் வாரா வாரம் விளக்கு எரிந்திருக்கிறது. எல்லாச் சாமிக்கும் என்றாயே, ஒரு சாமியிடமாவது சொல்ல உனக்கு ஆள் இருந்திருக்கிறது. நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு அழுதேன். சிரிக்கவும் சிரித்தேன். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் கொஞ்சம் பொறுத்துவிட்டு, என்னைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிடுகிறவர் மாதிரி கேட்டார். "அப்ப, இனிமே நெய் போட்டுக்கலாமேம்மா?"

கரண்டி திரும்பக் குனிந்தது. நான் நெய்யை விட்டது கன்றுக்குட்டிக்காக, வேண்டுதலுக்காக இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவேன்? விளக்க வேண்டியிருக்கவில்லை. கை அதுவாகப் போய் இலைக்கு மேலே நின்றது.

"அவளுக்காக அப்படியே இருக்கட்டும்ண்ணே."

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய், தாளிக்காத பருப்பு கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். திரும்பி வரும்போது கையில் இரண்டு அப்பளம் இருந்தது. இரண்டையும் என் இலையிலேயே வைத்தார். நாளை ரயில் ஏறுவதற்கு முன் உன் கல்லறைக்கு வருகிறேன். பூ வேறு யாராவது கொண்டுவருவார்கள், நான் அந்தக் காபியை ஃபிளாஸ்க்கில் கொண்டுவருகிறேன்.

உன் கையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேனடி. எந்த ஊரில், எந்த மேஜையில் உட்கார்ந்தாலும், கரண்டி குனியும் முன்பே அது என் இலைக்கு மேலே வந்துவிடுகிறது, ஐந்து விரலும் விரிந்து.